லைட் ஸ்திரீட்டில் எதைக் கேட்பது: பினாங்கு சட்டமன்றமும் நம் உரிமைகளும்

பினாங்கு மாநில சட்டமன்றத்தில் 40 இருக்கைகள். இதே மாநிலத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போகிறவர்கள் 13 பேர். ஓர் உரிமைக் கோரிக்கை எந்த அவைக்கு உரியது என்று பார்க்காமலேயே நம் சங்கங்கள் பலவும் மகஜர் எழுதிவிடுகின்றன. சொஸ்மாவை (பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்பு நடவடிக்கைச் சட்டத்தை) நீக்கச் சொல்லும் மகஜர் லைட் ஸ்திரீட் சட்டமன்றக் கட்டடத்தின் வாசலில் கைமாறுகிறது. ஒய்.பி. (சட்டமன்ற உறுப்பினர்) மரியாதையோடு வாங்கிக்கொள்கிறார். படம் எடுக்கிறார்கள். மறுநாள் தமிழ்ப் பத்திரிகையில் செய்தி வருகிறது. அதற்குப் பிறகு எதுவும் நகர்வதில்லை. அந்தச் சட்டத்தைத் தொடும் அதிகாரமே அந்த அவைக்குக் கிடையாது என்பதுதான் காரணம்.

இதற்கு 2019-ஐ விடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. அந்த ஆண்டு அக்டோபரில், விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 12 பேர் சொஸ்மாவின் கீழ் கைதானார்கள். அவர்களில் இருவர் பதவியில் இருந்த சட்டமன்ற உறுப்பினர்கள். ஒருவர் மலாக்காவைச் சேர்ந்தவர், மற்றவர் நெகிரி செம்பிலான். விசாரணைக்கு என்று 28 நாள் வரை ஒருவரைக் காவலில் வைக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்களுக்கே அந்த நிலை வந்தபோது அவர்களுடைய சொந்த மாநில அவைகளால் அவர்களை வெளியே கொண்டுவர முடியவில்லை. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்ட பிறகுதான் வழக்கு முடிந்தது.

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. போலீஸ், உள்நாட்டுப் பாதுகாப்பு, குடியுரிமை, குற்றவியல் சட்டம், நீதிமன்றங்கள், சிறைச்சாலை எல்லாம் முதல் பட்டியலில், அதாவது நாடாளுமன்றத்தின் கையில் இருக்கின்றன. இரண்டாவது பட்டியல் மாநிலத்துடையது: நிலம், ஊராட்சி மன்றங்கள், சந்தைகள், இடுகாடு சுடுகாடுகள், கேளிக்கை இடங்களுக்கான உரிமம், மாநில அரசின் நிர்வாக அமைப்பு, முஸ்லிம்களுக்கான குடும்பச் சட்டம். மூன்றாவது பட்டியல் இருவருக்கும் பொது: நகரத் திட்டமிடல், வீடமைப்பு, பொதுச் சுகாதாரம், நடமாடும் வியாபாரிகள். பார்வைக்கு வறண்ட பட்டியல்தான். ஆனால் நம் மக்கள் அன்றாடம் அதிகாரத்தோடு மோதும் இடங்களை எண்ணிப் பாருங்கள். கோயில் நிற்கும் நிலம், கடைக்கு உரிமம், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு அனுமதி, கம்பத்தை (குடியிருப்புக் கிராமத்தை) காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ், பக்கத்தில் எழும்பப் போகும் 40 மாடிக் கட்டடம். இவை எல்லாமே இரண்டாவது, மூன்றாவது பட்டியல்களில் வருகின்றன. லைட் ஸ்திரீட்டில் கேட்க வேண்டியவை இவைதான். இவற்றை உரிமைப் பிரச்சினைகளாகக் கேட்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. உதவி கேட்பதைப் போலக் கேட்கிறோம். அதனால் சலுகையாகக் கிடைக்கிறது, அடுத்த ஆண்டு அது திரும்பப் போய்விடுகிறது.

ஒரு மாநில மசோதா வரும்போது உரிமை ஆர்வலர் முதலில் பார்க்க வேண்டியது அது நல்லதா கெட்டதா என்பதை அல்ல, அதை இயற்ற மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்பதை. பேச்சு, கூட்டம், சங்கம் ஆகிய உரிமைகளைத் தரும் கூட்டரசு அரசியலமைப்பின் 10-ஆவது விதியின் இரண்டாம் உட்பிரிவு, கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்குத்தான் கொடுக்கிறது. இந்த அடிப்படையில்தான் கிளந்தானின் கட்சித் தாவல் தடை 1992-இல் உச்ச நீதிமன்றத்தில், நோர்டின் சாலே வழக்கில், விழுந்தது. அதே போன்ற தடையை பினாங்கு 2012-இல் தன் மாநில அரசியலமைப்பில் 14ஏ விதியாகச் சேர்த்தது. அது செல்லும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. ஆகவே 1992 தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டும் மகஜர் இன்று எடுபடாது. இன்னொரு பக்கம், கிளந்தானின் ஷரியா குற்றவியல் சட்டத்தில் எதிர்க்கப்பட்ட 18 பிரிவுகளில் 16-ஐ கூட்டரசு நீதிமன்றம் 2024 பிப்ரவரி 9 அன்று செல்லாது என்றது. காரணம் அதிகார வரம்பு மட்டுமே. அந்த விஷயங்கள் நாடாளுமன்றத்துக்கு உரியவை என்பதுதான் வாதம். மதத்தைப் பற்றிய தீர்ப்பாக அதைப் பரப்பியவர்கள் வாசகர்களுக்குத் தீங்கு செய்தார்கள்.

மாநில அரசியலமைப்பைத் திருத்த மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். பினாங்கில் அது 27 பேர். முதலமைச்சர் இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது என்ற திருத்தம் 2018-இல் இப்படித்தான் வந்தது. அரசுக்கு விருப்பம் இருந்தால் இந்த அவையால் கனமான வேலையும் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

தகவல் சுதந்திரச் சட்டத்துக்கு வருவோம். நாட்டிலேயே சிலாங்கூரும் பினாங்கும்தான் இப்படி ஒரு சட்டத்தை முதலில் இயற்றின, இரண்டுமே 2011-இல். பினாங்குச் சட்டத்தின் பெயரில் 2010 என்று இருக்கும். அவை நிறைவேற்றியது 2011 நவம்பரில். நடைமுறைக்கு வந்ததோ 2015 ஜனவரி 1-ஆம் தேதி. நிறைவேறிய சட்டம் மூன்று ஆண்டுக்கும் மேல் தூங்கியது. மலேசியச் சட்டங்களில் முதல் பிரிவைப் படியுங்கள்: ‘அரசிதழில் அறிவிக்கப்படும் தேதியில் நடைமுறைக்கு வரும்’ என்று இருக்கும். அந்தத் தேதியைக் குறிப்பது ஆட்சியில் இருப்பவர்கள். மசோதா விவாதத்தில் நம் ஒய்.பி. எழுந்து கேட்க வேண்டிய முதல் திருத்தமே இதுதான்: அறிவிப்பு வராவிட்டாலும் இத்தனை மாதத்துக்குள் தானாக நடைமுறைக்கு வரட்டும் என்ற ஒரு வரி. கைதட்டு வாங்காத திருத்தம். ஆனால் பல பக்கக் கொள்கை உரையை விட இது உழைக்கும்.

இந்தச் சட்டத்தைப் பயன்படுத்துகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. முதலாவது, துறை. மாநிலத் துறைகள், நில அலுவலகங்கள், இரண்டு மாநகர் மன்றங்கள், மாநில அரசின் நிறுவனங்கள் ஆகியவற்றின் ஆவணங்களுக்குத்தான் இது பொருந்தும். போலீஸ் நிலையம், அரசு மருத்துவமனை, தேசியப் பதிவிலாகா, கல்வி இலாகா எல்லாம் கூட்டரசு. தமிழ்ப்பள்ளிக் கட்டடத்துக்கான ஒதுக்கீட்டைக் கேட்டால் பதில் வராது. அந்தப் பள்ளி நிற்கும் நிலத்தின் நிலையைக் கேட்டால் நில அலுவலகம் பதில் சொல்லியாக வேண்டும்.

இரண்டாவது, கேள்வி. ‘எங்கள் கோயிலை ஏன் உடைக்கப் போகிறீர்கள்’ என்பது தகவல் விண்ணப்பம் ஆகாது. விளக்கத்தை அல்ல, ஆவணத்தைக் கேட்க வேண்டும்: இந்த மனை எண்ணுக்குக் கொடுக்கப்பட்ட திட்ட அனுமதியின் நகல், அதில் விதிக்கப்பட்ட நிபந்தனைகள், இந்தத் தேதியிட்ட கூட்டத்தின் குறிப்பு. மனை எண், முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு), மாவட்டம் மூன்றையும் சரியாக எழுதுங்கள். தெருப்பெயரை மட்டும் எழுதினால் ‘ஆவணம் கிடைக்கவில்லை’ என்ற பதில் எளிதாகக் கிடைத்துவிடும். ஒரு விண்ணப்பத்தில் ஒரே ஆவணத்தைக் கேளுங்கள். ஐந்தைச் சேர்த்துக் கேட்டால், அவற்றில் ஒன்று இரகசியமாக இருந்தாலும் அதைக் காட்டி மொத்தத்தையும் நிறுத்தி வைப்பார்கள்.

மூன்றாவது, நோக்கம். இரண்டு மாநிலச் சட்டங்களிலும் எதற்காகக் கேட்கிறோம் என்று எழுத வேண்டும். எழுதியதற்கு மாறாகப் பயன்படுத்தினால் அது குற்றம். தகவல் கேட்கும் குடிமகனையே மிரட்டும் இந்தப் பிரிவு நீக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது இருக்கும் வரை நோக்கத்தை அகலமாக எழுதுங்கள். ‘சொந்தப் பயன்பாடு’ என்று எழுதிவிட்டுப் பத்திரிகையாளர் கூட்டத்தில் விரித்துக் காட்டினால் சிக்கல். ‘குடியிருப்பாளர்களுக்குத் தெரிவிக்கவும், பொது விவாதத்துக்கும், சட்ட ஆலோசனைக்கும், மக்கள் பிரதிநிதிகளிடம் முறையிடவும்’ என்று எழுதினால் பெரும்பாலான பயன்பாடுகள் அடங்கிவிடும். சிலாங்கூர் சட்டம் பதிலுக்கு 30 நாள் கெடு வைக்கிறது. ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டால் 7 நாள். எந்த மாநிலத்தில் விண்ணப்பித்தாலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் உள்ள நகலைக் கையில் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். மேல்முறையீட்டுக்கான நாள்களைக் கணக்கிட அந்த முத்திரை வேண்டும்.

நான்காவது தடுக்கல்தான் மிகப் பெரியது: 1972-ஆம் ஆண்டின் அதிகாரப்பூர்வ இரகசியச் சட்டம். அது கூட்டரசுச் சட்டம், மாநிலச் சட்டத்துக்கு மேலே நிற்கிறது. அதன் அட்டவணையில் அமைச்சரவை ஆவணங்களோடு மாநில ஆட்சிக்குழுவின் (மாநில அளவில் அமைச்சரவை போன்றது) ஆவணங்களும் முடிவுகளும் விவாதக் குறிப்புகளும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. நிலம் யாருக்குப் போகிறது என்பதை முடிவு செய்வதே ஆட்சிக்குழுதான். ஆக, நமக்கு அதிகம் தேவைப்படும் தாளே அதிகம் பூட்டப்பட்டதாக இருக்கிறது. ஆனால் பூட்டைத் திறக்கும் சாவியும் அதே சட்டத்தில் உண்டு. பிரிவு 2சி-யின்படி ஓர் ஆவணத்தின் இரகசியத் தகுதியை மாநில முதலமைச்சரே நீக்கலாம். கோலாலம்பூரைக் கேட்க வேண்டியதில்லை. தகவல் அதிகாரி ‘இரகசியம்’ என்று மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தையே சட்டமன்றக் கேள்விக்கு மூலப்பொருளாக்க வேண்டும்: ‘இந்த எண்ணுள்ள ஆவணத்தை 2சி பிரிவின் கீழ் முதலமைச்சர் வெளிப்படுத்துவாரா? இல்லையென்றால் அதை இரகசியமாக வகைப்படுத்திய அதிகாரி யார், எந்தத் தேதியில்?’ 2பி பிரிவின்படி வகைப்படுத்தும் அதிகாரி முறையாக நியமனச் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். எல்லாத் தாளிலும் ‘சுலிட்’ (இரகசியம்) முத்திரை குத்தும் பழக்கத்தை இந்தக் கேள்வி கேள்விக்குள்ளாக்கும்.

கம்போங் புவா பாலாவை மறந்தவர்கள் இங்கே யாரும் இல்லை. 2009-இல் அந்தத் தமிழர் கம்பம் இடிக்கப்பட்டபோது நாடே பார்த்தது. நில மாற்றம் பற்றிய முடிவுகள் முந்தைய ஆண்டுகளிலேயே மூடிய அறைகளில் எடுக்கப்பட்டு, குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் ஏறியபோது பட்டா கைமாறியிருந்தது. நிலத்தைப் பொறுத்தவரை தகவல் தாமதமாகக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் ஒன்றுதான்.

அதனால்தான் நிலக் கோரிக்கைகளில் முதல் வேலை, நிற்கும் இடத்தின் சட்ட நிலையைத் தெரிந்துகொள்வது. நில அலுவலகத்தில் தனியார் பட்டாவுக்குத் தேடல் எடுக்கலாம். அரசு நிலம் என்றால் ‘டிஓஎல்’ எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமமா, ஒதுக்கீட்டு நிலமா, எதுவுமே இல்லையா என்று பாருங்கள். டிஓஎல் அந்தந்த ஆண்டு டிசம்பர் 31-க்கு மேல் நிற்காது. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். உரிமம் பெற்றவர் இறந்தால் அதுவும் அவரோடு முடிகிறது, பிள்ளைகளுக்குப் போகாது. பல பத்தாண்டு டிஓஎல் கட்டணம் கட்டியதால் நிலம் தங்களுடையதாகிவிட்டது என்று நம்பும் குடும்பங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆலயத்துக்கு வேண்டியது, தேசிய நிலச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின் கீழ் பொது நோக்கத்துக்கான நிலமாக அரசிதழில் ஒதுக்கப்படுவது. அப்படி அறிவிக்கப்பட்டதை நீக்குவதற்கும் அரசிதழ் அறிவிப்பு வேண்டும். அது வெளியே தெரியாமல் நடக்காது. ‘ஆலயத்தைப் பாதுகாக்க வேண்டும்’ என்ற கோரிக்கையை ‘இந்த மனையை 62-ஆவது பிரிவில் ஒதுக்கி, இன்ன தேதிக்குள் அரசிதழில் அறிவிக்க வேண்டும்’ என்று மாற்றி எழுதினால் பதில் சொல்பவருக்குத் தப்பிக்க இடம் குறைகிறது.

ஊராட்சி மன்ற விவகாரம் இன்னும் நுட்பமானது. அதிகம் பேசப்படாததும் இதுதான். 1976-ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு, மன்றம் கொடுத்த எந்த உரிமத்தையும் எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம் என்கிறது, இழப்பீடும் கிடையாது. பூக்கடை வைத்திருக்கும் அக்காவும் ரொட்டி சானாய் போடும் அண்ணனும் நம்பி நிற்பது அப்படிப்பட்ட ஒரு தாளை. துணைச் சட்டங்களை மீறினால் 2,000 ரிங்கிட் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ விதிக்க 119-ஆவது பிரிவு இடம் தருகிறது. தொடர்ந்து மீறினால் நாளுக்கு 200 ரிங்கிட் வரை. சட்டம் கூட்டரசினுடையது, அதனால் மாநிலம் அதைத் திருத்த முடியாது. இங்கேதான் பலர் கையை விரித்துவிடுகிறார்கள்.

அதே சட்டத்தின் 9-ஆவது பிரிவைப் பாருங்கள். மன்றம் தன் அதிகாரத்தை எந்தக் கொள்கைப்படி பயன்படுத்த வேண்டும் என்று மாநில அரசு பொதுவான கட்டளை இடலாம். சட்டத்துக்கு முரணாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம் என்று சட்டம் சொல்வதால் காரணம் சொல்வது சட்டத்துக்கு முரண் ஆகிவிடாது. ஆக, கோரிக்கை இப்படி அமையலாம்: உரிமத்தை ரத்து செய்யுமுன் எழுத்தில் காரணம் தர வேண்டும், விளக்கம் அளிக்க 14 நாள் தர வேண்டும், முடிவை வேறோர் அதிகாரி மறுபரிசீலனை செய்ய வேண்டும், இதை 9-ஆவது பிரிவின் கீழ் இரு மாநகர் மன்றங்களுக்கும் கட்டளையாகப் பிறப்பியுங்கள். புதுச் சட்டம் வேண்டாம், நாடாளுமன்றம் வேண்டாம், கணிசமான செலவும் இல்லை. இயற்கை நீதியைக் கவுண்டர் வரைக்கும் கொண்டு வர இதைவிடக் குறுகிய வழி எனக்குத் தெரியவில்லை. மன்றத்தின் துணைச் சட்டங்களும் மாநில அரசின் ஒப்புதல் பெற்று அரசிதழில் வந்த பிறகே உயிர் பெறுகின்றன. ஆகவே ஒரு மோசமான துணைச் சட்டத்துக்கு மாநில ஆட்சிக்குழுவும் பொறுப்பு, அவையில் கேள்வி கேட்கலாம்.

மன்றத்தின் முழுக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்கிறது 23-ஆவது பிரிவு. மன்றம் தீர்மானம் போட்டு மூடினால்தான் மூடல். உண்மையான பேரம் நடக்கும் குழுக் கூட்டங்களுக்கு அந்த உரிமை இல்லை. இருந்தாலும் போய் உட்காருங்கள். யார் எதற்குக் கை தூக்கினார்கள் என்பது கண்ணால் பார்த்ததாக இருக்கட்டும்.

கவுன்சிலர்களை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல் 1951-இல் ஜார்ஜ்டவுனில்தான் நடந்தது. 1965-இல் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. 1976 சட்டத்தின் 15-ஆவது பிரிவு அதை நிரந்தரமாக்கியது. பினாங்கு 2012-இல் தானே ஊராட்சித் தேர்தல் சட்டம் ஒன்றை இயற்றிப் பார்த்தது. கூட்டரசு நீதிமன்றம் 2014 ஆகஸ்டில் மாநில அரசின் மனுவைத் தள்ளுபடி செய்தது. எஞ்சியிருப்பது நியமனம். ஒரு மன்றத்துக்கு 24 பேர் வரை மாநில அரசு நியமிக்கிறது. எந்தத் தகுதியின் பேரில் நியமித்தார்கள், எத்தனை கூட்டங்களுக்கு வந்தார்கள் என்று ஆண்டுதோறும் அவையில் கேட்பதும், கட்சி சாராதவர்களுக்கான இடங்கள் குறையாமல் பார்த்துக்கொள்வதும் இன்று செய்யக்கூடியவை.

கேள்வி எழுதுவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல கோரிக்கைகள் இங்கேதான் வீணாகின்றன. சட்டமன்றக் கேள்விகளுக்கு நோட்டீஸ் உண்டு. கூட்டத்தொடர் தொடங்கும் வாரத்தில் ஒய்.பி.யின் சேவை மையத்துக்குப் போனால் நேரம் கடந்திருக்கும். கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்பட்ட அன்றே அவருடைய உதவியாளரிடம் கேள்விக்கான கடைசி நாளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாதம் செய்யும் கேள்வி, கருத்துக் கேட்கும் கேள்வி, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைப் பற்றிய கேள்வி, மாநில அரசின் பொறுப்பில் இல்லாத கேள்வி ஆகியவற்றைச் சபாநாயகர் நிராகரிக்கலாம். ‘ஏழைத் தமிழ் வியாபாரிகளை மாநகர் மன்றம் ஏன் வதைக்கிறது?’ என்று எழுதிக் கொடுத்தால் அது அச்சேறாது. ‘கடந்த மூன்று ஆண்டுகளில் மாநகர் மன்றம் ரத்து செய்த வியாபார உரிமங்கள் எத்தனை? ஆண்டுவாரியாக, பகுதிவாரியாகத் தரவும். எத்தனை பேருக்கு எழுத்தில் காரணம் தரப்பட்டது?’ என்று எழுதினால் நிராகரிக்க வழியில்லை. பதிலில் வரும் எண்ணே மீதியைப் பேசும்.

எண்களும் அட்டவணையும் வேண்டும் என்றால் எழுத்துப்பூர்வ பதிலைக் கேளுங்கள். வாய்மொழிக் கேள்விக்குக் கிடைக்கும் நேரம் குறைவு; பட்டியலில் பின்னால் இருந்தால் நம் முறை வராமலே போகும். ஆட்சிக்குழு உறுப்பினரிடமிருந்து ஓர் உறுதிமொழியை அவையில் வாங்க வேண்டும் என்றால் வாய்மொழிக் கேள்விதான் சரி. அதற்குத் துணைக் கேள்வி இரண்டை முன்கூட்டியே எழுதி ஒய்.பி.யின் கையில் கொடுத்திருக்க வேண்டும். முதல் பதில் பெரும்பாலும் அதிகாரிகள் தயாரித்த தாள். துணைக் கேள்விக்குத் தாள் கிடையாது. கேள்வியை மலாயில் எழுதுங்கள். மகஜரும் அப்படியே: மலாயில் ஒரு பக்கம், சட்டப் பிரிவின் எண், மனை எண், செய்ய வேண்டிய காரியம் ஒன்று, தேதி ஒன்று. தமிழ்ப் பிரதி நம் மக்களுக்கும் பத்திரிகைகளுக்கும். பத்து கோரிக்கைகள் அடங்கிய மகஜரில் எளிதானது எதுவோ அதற்கு மட்டும் பதில் சொல்லி முடித்துவிடுவார்கள்.

ஆளும் கட்சி ஒய்.பி.யா, எதிர்க்கட்சி ஒய்.பி.யா? சட்டத் திருத்தத்துக்கும் 9-ஆவது பிரிவுக் கட்டளைக்கும் ஆளும் தரப்பில் ஒருவர் வேண்டும். தகவல் வெளிக்கொணர எதிர்க்கட்சியே போதும், பல நேரம் அதுதான் நல்லது. தனிநபர் மசோதாவை நம்பி ஆண்டுகளைக் கழிக்க வேண்டாம். அரசு அலுவல்களுக்கே முன்னுரிமை. மாநிலத்துக்குச் செலவு வைக்கும் மசோதாவை ஆட்சிக்குழுதான் கொண்டுவர முடியும். மாதிரி மசோதாவை எழுதி வைத்திருப்பது வேறு விஷயம், அது பயன்படும். அரசு தானே கொண்டுவரும் நாளில் நம் வாசகங்கள் அதில் ஏறும்.

அவையில் பேசுவதற்குக் கிடைக்கும் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு என்பதை ஒய்.பி.க்களே சில நேரம் மறக்கிறார்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 72-ஆவது விதி, அவையில் சொன்னதற்கு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க முடியாது என்கிறது. ஆனால் அதே விதியின் நான்காம் உட்பிரிவு, 1948-ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டக் குற்றங்களுக்கு அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடுகிறது. வெளியே வாசலில் பத்திரிகையாளர்களிடம் சொன்னால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஆகவே ஒருவரின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்ட வேண்டிய தகவல் இருந்தால் அது கேள்வியாக, பேச்சாக அவைக்கு உள்ளே பதிவாகட்டும். வெளியே அவைக் குறிப்பை நேர்மையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பேரணி, கூட்டங்களைப் பொறுத்தவரை, 2012-ஆம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டம் கூட்டரசினுடையது. மாவட்டப் போலீஸ் தலைவருக்கு 5 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்புக் கொடுக்காததைக் குற்றமாக்கிய 9(5) பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று கூட்டரசு நீதிமன்றம் 2025 ஜூலை 1 அன்று கூறியது. இதில் மாநிலத்துக்கு எங்கே வேலை? இடத்தில். பாடாங் கோத்தா லாமா போன்ற திடல்களும் பொது மண்டபங்களும் மாநகர் மன்றத்தின் கையில் இருக்கின்றன. வாடகை, முன்பணம், ‘அரசியல் நிகழ்ச்சிக்கு அனுமதி இல்லை’ போன்ற நிபந்தனைகள் எல்லாம் மன்றம் விதிப்பவை. 2010-இல் அங்கே பேச்சாளர் சதுக்கம் ஒன்றைத் திறந்த மாநிலம் இது. எல்லாக் கருத்துக்கும் ஒரே கட்டணம், ஒரே நிபந்தனை, மறுத்தால் எழுத்தில் காரணம் என்று கேட்பது முழுக்க மாநில எல்லைக்குள் அடங்கும்.

தடுப்புக்காவல் மரணங்களில் மாநில அவையால் செய்யக்கூடியது குறைவு, அதை ஒளிக்க வேண்டாம். விசாரணை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 334-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் போகிறது. போலீஸ் நடத்தை பற்றிய புகார் 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய ஐபிசிசி ஆணையத்துக்கு. மனித உரிமைப் புகார் அதற்கான தேசிய ஆணையமான சுஹாகாமுக்கு. அந்தக் குடும்பத்துக்கு முதல் நாளிலேயே வழக்கறிஞர் கிடைப்பதுதான் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். கைதானவர் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்லும் உரிமையை அதே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு தருகிறது. ஒய்பிஜிகே எனும் தேசிய சட்ட உதவி அறநிறுவனம் மலேசியக் குடிமக்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அனுப்புகிறது. இந்த இரண்டு விவரத்தையும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு சேவை மையத்தின் கதவிலும் ஒட்ட எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. பிறையிலும் பாகான் டாலாமிலும் அதை நாளையே செய்யலாம். சொஸ்மாவுக்கு எதிராகவும் மாநில அவையில் தீர்மானம் கொண்டு வரலாம். சட்ட வலிமை இல்லாவிட்டாலும், எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்ற பதிவு அடுத்த தேர்தலில் பயன்படும். அந்த அளவோடு அதை எடைபோடுங்கள். பெரிய மகஜரை அந்த 13 நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொண்டு போங்கள்.

கடைசியாக, பதில் வந்த பிறகு. ‘பரிசீலிக்கப்படும்’, ‘ஆய்வு செய்யப்படுகிறது’ என்ற சொற்கள் அவைக் குறிப்பில் ஏறிய தேதியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கூட்டத்தொடரில் அதே ஒய்.பி. அதே வாக்கியத்தை மேற்கோள் காட்டி, அந்த ஆய்வு எப்போது முடிந்தது, யார் செய்தது, அறிக்கை எங்கே என்று கேட்க வேண்டும். இரண்டு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அரசியலமைப்பு விதி. ஆகவே காத்திருப்பும் அதற்குள் முடியும். ஒரு கோப்பில் கேள்வியின் நகல், பதில், தகவல் விண்ணப்பத்தின் முத்திரை இட்ட நகல், மறுப்புக் கடிதம், அரசிதழ்ப் பக்கம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் வையுங்கள். சங்கத் தலைவர் மாறும்போதும் ஒய்.பி. மாறும்போதும் அந்தக் கோப்பு அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். வருடாந்திரப் பொதுக்கூட்டத்தில் கணக்கு ஒப்படைப்போடு சேர்த்து அதையும் ஒப்படைக்கும் வழக்கத்தைச் சங்க விதியிலேயே எழுதிவிடலாம்.